பதினான்கு படிக்கு ஒரு கடிதம்

கடிதம் டிசம்பர் மூன்றாம் தேதி வந்தது. பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வந்தவள், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பிரித்துப் படித்தேன். ஒரே ஒரு பத்தி. நீங்கள் கேட்டிருக்கும் படிக்கட்டு நாற்காலி மருத்துவ ரீதியில் அவசியம் என்பதற்கு டாக்டரின் கடிதத்தில் ஆதாரம் இல்லை. வசதிக்காக வாங்கும் பொருளுக்கு உங்கள் மருத்துவக் கணக்கிலிருந்து பணம் தர இயலாது. வசதியாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூட்ஸிலிருந்த பனி உருகி மரத்தரையெல்லாம் ஓடியதைக்கூடக் கவனிக்கவில்லை.

வெண்டல் என் கணவன். வயது அறுபத்தொன்று. அமெரிக்காவின் வடகோடியில் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் டுலூத் துறைமுகத்தின் வாயிலில், கப்பல் வரும்போதெல்லாம் அப்படியே மேலே எழும்பிக்கொள்ளும் பாலம் இருக்கிறதே, அதை இருபத்தாறு வருடம் இயக்கியவன். நான்கு வருடத்துக்கு முன் அவன் தொடைத் தசை வற்ற ஆரம்பித்தது. அப்புறம் விரல்கள். நீளமான பெயர் உள்ள நோய். மருந்து கிடையாது. ஆளைக் கொல்லாது, ஆனால் மாதத்துக்கு ஒரு காரியத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். வீடோ மலைச்சரிவில் நூறு வருடத்துக்கு முன்னால் கட்டியது. படுக்கையறையும் கழிப்பறையும் மாடியில்தான். நடுவில் பதினான்கு படி.

அந்தப் படிக்கட்டோரமாக ஒரு தண்டவாளம் அடித்து, ஏறி இறங்கும் இருக்கை ஒன்றை மாட்ட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் ஆசை. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் சுப்பீரியர் என்ற ஊரில் ஒருவன், பழசை வாங்கிச் சரிபார்த்து மாட்டித் தருகிறவன், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் டாலர் சொன்னான். என் மருத்துவக் கணக்கில் மூவாயிரம் இருந்தது. சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு முன்பே எடுத்து ஒதுக்கிவைக்கிற பணம் அது. அடுத்த வருடம் என்ன நோவு வரும் என்று முந்தின நவம்பரிலேயே ஜோசியம் பார்த்துத் தொகையைச் சொல்ல வேண்டும். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் செலவாகவில்லை என்றால் போனது போனதுதான், நம் கைக்குத் திரும்பாது. பணம் கட்டினால் மட்டும் போதாது, நாற்காலி அந்தத் தேதிக்குள் சுவரோரம் நின்றிருக்கவும் வேண்டும். எங்களிடம் வேறு பணமும் கிடையாது.

டாக்டர் எழுதிய கடிதத்தின் நகலையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். செப்டம்பரில் கேட்டு, ஆறு வாரம் நச்சரித்து வாங்கியது. நான் படிக்காமலேயே அனுப்பியிருந்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். இப்போது படித்தேன். "நோயாளி வீட்டில் நன்றாகச் சமாளிப்பதாகத் தெரிவிக்கிறார். படி ஏறத் தாமதமாகிறது, பெரிய சிரமம் இல்லை. நாற்காலி இருந்தால் உதவியாக இருக்கும்."

அந்த டாக்டரம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். டாக்டர் ரெனாட்டா, நியூ ஜெர்சிக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும், எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. திட்டி முடித்துக் கடைசிப் படியில் உட்கார்ந்தபோதுதான் செப்டம்பர் மாதத்து அறை ஞாபகம் வந்தது. வீட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். வெண்டல், "பரவாயில்ல," என்றான். படி ஏற முடிகிறதா என்று கேட்டார். "கொஞ்சம் மெதுவா. பரவாயில்ல," என்றான். அவர் என்னைப் பார்த்தார். நான், பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இந்த மகராசி, "சமாளிச்சுக்கிறோம்," என்றேன். அவர் அதைத்தான் எழுதியிருந்தார், ஒரு எழுத்துகூடக் கூட்டாமல்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது பிறவிக்கோளாறு. வெண்டலின் அப்பா ஒருமுறை டிராக்டருக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் கிடந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து எட்டிப் பார்த்ததும் முதலில் அவர் வீட்டு உருளைக்கிழங்கு எப்படி விளைந்திருக்கிறது என்று விசாரித்தாராம். அப்புறம்தான், உனக்கு நேரம் இருந்தால் இதைக் கொஞ்சம் தூக்கலாம் என்றாராம். இதை எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது, விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு கரண்டி போடு என்று கேட்பது மாதிரி. செய்யக்கூடாது. உள்ளூர் டாக்டராக இருந்தால் நாங்கள் 'பரவாயில்ல' என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சரி, என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார். இவர் பாவம், சொன்னதை நம்பிவிட்டார்.

எங்கள் ஏற்பாடு இதுதான். காலை ஐந்து மணிக்கு எழுவேன். வெண்டலை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்குவேன், நான் முன்னால், அவன் கை என் தோளில். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் உட்கார வைப்பேன். ஒரு பெரிய பிளாஸ்க் நிறையக் காபி, இரண்டு ரொட்டித்துண்டு, ரேடியோ. நான் ஆறு பத்துக்குக் கிளம்பி நாலே காலுக்குத் திரும்புவேன். சாயங்காலம் அவனை மேலே ஏற்றுவேன், இந்த முறை நான் பின்னால். அவன் எடை தொண்ணூறு கிலோ. பகலில் தானே ஏறிக்கொள்கிறேன் என்றான். உட்கார்ந்தபடி, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக. "எனக்கென்ன அவசரம், கப்பலா வருது?" என்பான். மருந்துக் கடையிலிருந்து சிறுநீர்ப் பாட்டில் ஒன்று வாங்கி வைத்தேன். மறுநாள் அது கார்க் கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் இருந்தது. நானும் அதற்கு மேல் பேசவில்லை.

சாயங்காலம் வந்ததும் முதலில் பிளாஸ்க்கைத் தூக்கிப் பார்ப்பேன். காலியாக இருக்கும். காபி குடிச்சியா என்பேன். குடிச்சேன் என்பான். காபி குடிக்கிற மனுஷனுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று என் மனசைத் தேற்றிக்கொள்வேன். சில நாள் அவன் படிக்கட்டைக்கூடத் துடைத்து வைத்திருப்பான். சும்மா உட்கார்ந்திருக்க அலுப்பாக இருந்தது என்பான். முப்பத்தேழு வருடத்தில் இல்லாத அதிசயமாக இருக்கிறதே என்று கேலி செய்வேன். அக்டோபரில் ஜன்னலோரத்து ரப்பர் செடி செத்துப்போனது மட்டும்தான் அந்த வீட்டில் எனக்குப் புரியாத விஷயமாக இருந்தது. அதன் பக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரின் அனல் என்று நினைத்துக்கொண்டேன்.

கணக்கை நடத்தும் கம்பெனிக்கு மறுநாள் போன் போட்டேன். பள்ளிக்கூடச் சாமான் அறையில், தக்காளி டின் பெட்டி மேல் உட்கார்ந்து, நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண் வந்தாள். தன்மையாகத்தான் பேசினாள். கடிதத்தில் நோயின் பெயர், அவரால் எதைச் செய்ய முடியவில்லை, நாற்காலி இல்லாவிட்டால் என்ன ஆகும், மூன்றும் இருக்க வேண்டும். வாங்குவதற்கு முந்தின தேதியில் டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். 'உதவியாக இருக்கும்' என்ற வார்த்தை ஆகவே ஆகாது, அதைப் பார்த்ததும் தள்ளிவிடுவார்கள் என்றாள். கடைசியில், இந்த நாள் உங்களுக்கு எப்படிப் போகிறது மேடம் என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். வாய் தானாகச் சொன்னது.

என்னோடு வேலை செய்யும் ட்ரூடி இதெல்லாம் கரைத்துக் குடித்தவள். புருஷனுக்கு மூட்டு மாற்றியபோது குளியலறைக் கைப்பிடிகளுக்கு இதே கம்பெனியோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள். முந்நூறு பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்குத் தட்டை அடுப்பில் தள்ளிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள்.

"டாக்டர் மேல ஒரு தப்பும் இல்ல, மார்லிஸ். உன் ஆளு வாயில என்ன கொழுக்கட்டையா? உக்கார வெச்சு ஒத்திகை பாரு. உனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

டாக்டரிடம் ஜனவரிதான் என்றார்கள். தினமும் காலையில் போன் போட்டு, யாராவது வரவில்லையா, யாராவது வரவில்லையா என்று பிச்சைக்காரி மாதிரி கேட்டேன். டிசம்பர் பதினெட்டு காலை ஒன்பது மணிக்கு ஓர் இடம் கிடைத்தது. சுப்பீரியர்காரன் இருபதாம் தேதி வரை நாற்காலியை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். எனக்கு இருந்தது அந்த ஒரே சந்தர்ப்பம்.

பதினேழாம் தேதி சாயங்காலம், காட்டரிசி சூப்பைச் சுட வைத்துவிட்டு ஒத்திகை ஆரம்பித்தேன். நான் டாக்டர். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். வெண்டல் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "பரவாயில்ல," என்றான். மறுபடி கேட்டேன். "போன வாரத்துக்கு இந்த வாரம் பரவாயில்ல," என்றான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மூன்றாம் முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகு விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. சூப்புக் கரண்டியை மேஜை மேல் போட்டேன்.

"உனக்கு அந்த நாற்காலி வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப வாயைத் திற. முடியலன்னு ஒரு வார்த்தை. செத்தா போயிடுவ?"

அவன் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். "வாயில வரமாட்டேங்குது, மார்லி," என்றான். அப்புறம், எழுதினது இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான். ஏதோ நாலு வரி குறித்து வைத்திருப்பான் என்று விட்டுவிட்டேன். எனக்கும் தெம்பு இல்லை.

மறுநாள் டாக்டர் ரெனாட்டா கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, வீட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். வெண்டல் தொண்டையைச் செருமினான். கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டான்.

"பரவாயில்ல," என்றான்.

அவர் விரல் தட்ட ஆரம்பித்தது. நான் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் கொட்டப் போகிறேன் என்றுதான் வாயைத் திறந்தேன். "ஏதோ சமாளிச்சுக்கிறோம், ஆனா," என்று வந்தது. அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் ஒன்றுமே வரவில்லை. எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருந்தது.

டாக்டர் தட்டுவதை நிறுத்தினார். கணினியை மூடினார். அந்தக் கம்பெனிக் கடிதத்தை நான் முன்னாடியே அனுப்பியிருந்தேன், அது அவர் மேஜை மேல் இருந்தது.

"எங்க ஊர்ல கால் விரல் இடிச்சாலே வக்கீலைக் கூப்பிடுவாங்க," என்றார். "இங்க வந்து பதினாலு மாசமாச்சு, நீங்கல்லாம் என்ன சொல்றீங்கன்னே எனக்குப் புரியல. எப்படி இருக்கீங்கன்னு இனிமே கேக்கல. நேத்து என்ன நடந்துச்சு? இவங்க வேலைக்குப் போனதுலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும். நடந்ததை மட்டும் சொல்லுங்க, போதும்."

வெண்டலின் முகம் மாறியது. அந்தக் கேள்வி அவனுக்குத் தெரிந்த கேள்வி. பாலத்தில் இருபத்தாறு வருடம் எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குத் தூக்கினோம், எத்தனைக்கு இறக்கினோம் என்று எழுதியவன். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தான். பக்கத்தைப் புரட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. என்னிடம் நீட்டினான்.

"நீயே படிச்சுடு," என்றான்.

படித்தேன். சத்தமாகத்தான் படித்தேன்.

"டிசம்பர் பதினேழு. 6.10, மா. கிளம்பினாள். 6.20, காபி செடித்தொட்டிக்கு. 10.40, ஏற ஆரம்பித்தேன். 10.58, எட்டாம் படி. 11.07, பதினோராம் படி. அடக்க முடியவில்லை. துண்டைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து துடைத்துக்கொண்டு இறங்கினேன். 11.50, கீழே. கால்சட்டை மாற்றினேன். 4.15, மா. வந்தாள். காபி குடித்தாயா என்றாள். குடித்தேன் என்றேன்."

பக்கத்தைத் திருப்பினேன். பதினாறாம் தேதி: காபி செடித்தொட்டிக்கு. ஏறவில்லை. பதினைந்து: காபி செடித்தொட்டிக்கு. ஒன்பதாம் படி. படி துடைத்தேன். நவம்பர், அக்டோபர், செப்டம்பர், பின்னால் போகப் போகக் கையெழுத்து நன்றாக இருந்தது, விஷயம் அதேதான். ஒரு நாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது என்று இருந்தது. ஒரு நாள், மா. என்னை ஏற்றும்போது ஏழாம் படியில் முனகினாள், கேட்காத மாதிரி இருந்தேன் என்று இருந்தது. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. நோட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த அறையில், முன்பின் பழகாதவர் எதிரில், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். வெண்டல் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் என் மடியிலிருந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அப்புறம், ரத்தப் பரிசோதனையில் சிறுநீரக அளவு செப்டம்பரிலிருந்து ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் தெரியாமல் தான் மூன்று பரிசோதனை எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். காரணம் ரப்பர் செடித்தொட்டியில் இருந்திருக்கிறது. கணினியைத் திறந்து எங்கள் முன்னாலேயே கடிதத்தை அடித்தார், அடிக்க அடிக்க வாசித்தும் காட்டினார். நோயாளியால் உதவியின்றிப் படியேற இயலாது. கழிப்பறைக்குச் செல்ல முடியாததால் நீர் அருந்துவதைத் தவிர்க்கிறார். சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. பதினோராம் படிக்கு மேல் செல்வதில்லை. நாற்காலி மருத்துவ ரீதியில் அவசியம். வெண்டல் விரலைத் தூக்கினான்.

"சில நாள் பன்னெண்டு வரைக்கும் போயிருக்கேன்," என்றான்.

அவர் எதையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, உங்களுக்கு எப்படி இருக்கிறது, முதுகு என்றார். பரவாயில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

காரில் ஏறியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு மாதமாக என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய் என்றேன். துண்டில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு வந்தவனை நான் படி துடைத்தாய் என்று கேலி செய்திருக்கிறேனே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக்கூடாதா என்றேன். ஏரிப் பக்கம் பனிமூட்டமாக இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"அஞ்சு மணிக்கு எழுந்திருச்சுப் போடற காபி," என்றான். "முதுகைப் பிடிச்சுக்கிட்டே போடற. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

வண்டியை ஓரம்கட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மறுபடி கிளப்பினேன்.

இருபத்திமூன்றாம் தேதி ஒப்புதல் வந்தது. சுப்பீரியர்காரன், மூன்று நாள் கூடுதலாக வைத்திருந்ததைப் பெரிய தியாகம் மாதிரி சொல்லிக் காட்டிவிட்டு, முப்பதாம் தேதி வந்து மாட்டினான். நாலு மணி நேரம் துளை போட்டான். நாற்காலியை முன்பு வைத்திருந்த வேறு வீட்டுக் கிழவர் யாரோ ஒட்டிவைத்த மீன்பிடிச் சங்க ஸ்டிக்கர் அதன் கைப்பிடியில் இருந்தது. வெண்டல் அதை உரிக்க வேண்டாம் என்றான். பெல்ட்டை நான் மாட்டினேன். பொத்தானை அழுத்தினான். சின்ன முனகலோடு ஏறியது. எட்டு, ஒன்பது, பத்து என்று நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றைத் தாண்டியபோது அவன் திரும்பிப் பார்த்தான்.

"இருபத்தாறு வருஷம் நான் தூக்கினேன்," என்றான். "இப்ப என்னைத் தூக்க ஒண்ணு வந்திருக்கு." மேலே போய்க் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டான். வெகுநேரம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜனவரி ஆறாம் தேதி பள்ளிக்கூடம் திறந்தது. அன்று நாலே காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். வெண்டல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தேன், காலி. காபி குடிச்சியா என்று கேட்கவில்லை. நேராகப் போய், இலை ஒன்றுகூட இல்லாமல் குச்சியாக நின்ற ரப்பர் செடியின் தொட்டியில் விரலை விட்டேன். மண் காய்ந்திருந்தது. இன்னும் ஆழமாக, நகம் புதையும்வரை விட்டேன். அங்கேயும் காய்ந்துதான் இருந்தது.

திரும்பினால் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சந்தேகமா?"

"ஆமா," என்றேன்.

"நியாயம்தான்," என்றான். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ரேடியோவைக் குறைத்தான். பள்ளிக்கூடம் எப்படிப் போனது என்று கேட்டான்.

"பரவாயில்ல," என்றேன்.

அவன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து முழங்கால் மேல் வைத்தான். பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அதை விடு. நடந்ததை மட்டும் சொல்லு."

கோட்டுகூடக் கழற்றாமல் அந்தப் படிக்கட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஆறு பத்துக்குக் கிளம்பினேன் என்று ஆரம்பித்தேன். ஏழரைக்கு மாவு மூட்டையைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது, நிமிரவே முடியவில்லை, சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் தரையில் படுத்திருந்தேன் என்றேன். இது எத்தனை நாளாக என்று கேட்டான். செப்டம்பரிலிருந்து என்றேன். அவன் எழுதிக்கொண்டான்.